ஆற்றங்கரையில் விளக்கு வைத்தால் வருவதெல்லாம் ஈரநில அந்துப்பூச்சியா?

சேற்றுக்கால் | இரவு 9.12

வணக்கம். நான்கு மாதங்களாக ஓர் ஆற்றங்கரையில் அந்துப்பூச்சிகளைப் பதிவு செய்துவருகிறேன். ஆற்றுக்கும் தூர்ந்துபோன பழைய வாய்க்காலுக்கும் நடுவே பள்ளமான நிலம். சம்பு, நாணல், கோரை எல்லாம் மண்டிக் கிடக்கும். மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர். மழை நின்று இரண்டு மாதமானால் வெடித்த சேறு. கரையில் வெள்ளைத் திரை கட்டி, பேட்டரியில் எரியும் புறஊதாக் குழல்விளக்கை வைத்து, இருட்டியதிலிருந்து நள்ளிரவு வரை உட்கார்ந்திருப்பேன்.

இதுவரை 38 இரவுகள், 140 இனங்கள். "ஆற்றங்கரை ஈரநிலத்தின் அந்துப்பூச்சிகள்" என்று தலைப்பிட்டுப் பட்டியலை அனுப்ப எண்ணியிருக்கிறேன். அதற்கு முன் அனுபவம் உள்ளவர்கள் ஒரு முறை பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பழைய விளக்கு | இரவு 9.40

38 இரவு கொசுக்கடியில் உட்கார்ந்ததற்கு முதலில் ஒரு கும்பிடு. இப்போது கேள்விகள். விளக்கு எத்தனை வாட்? தண்ணீருக்கும் விளக்குக்கும் எவ்வளவு தூரம்? முதுகுப்புறம் என்ன இருக்கிறது, வெட்டவெளியா மரங்களா? 38 இரவும் ஒரே இடமா? எதுவுமே வராத இரவுகள் எத்தனை?

சேற்றுக்கால் | இரவு 9.58

15 வாட். தண்ணீர் ஐந்தாறு அடியில் இருக்கும், சில நாள் இன்னும் நெருக்கம். பின்னால் இருபது மீட்டரில் ஒரு தோப்பு தொடங்குகிறது. ஒரே இடம்தான், அங்கேதான் தரை உறுதியாக இருக்கிறது. எதுவும் வராத இரவுகளைக் குறித்துவைக்கவில்லை ஐயா. நான்கைந்து இருக்கும்.

மறுகரை | இரவு 10.05

வராததை எதற்காகக் குறிப்பது?

பழைய விளக்கு | இரவு 11.20

மறுகரைக்குப் பிறகு சொல்கிறேன். முதலில் விளக்கு.

விட்டில் விளக்கின்மேல் காதல் கொண்டு விழுகிறது என்று பாடிவைத்தவர்கள் பொறுத்தருள வேண்டும். 2024-இல் வெளியான ஓர் ஆய்வில் அதிவேகக் கேமராக்களை வைத்துப் பார்த்தார்கள். பூச்சி விளக்கை நோக்கிப் பாய்வதில்லை. வெளிச்சம் வரும் பக்கம் தன் முதுகைத் திருப்பிக்கொள்கிறது, அவ்வளவுதான். இரவில் நிலத்தைவிட வானமே வெளுப்பு என்பதால், வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிப் பறந்தால் நிமிர்ந்து பறக்கிறோம் என்று அதற்குப் பொருள். அருகில் விளக்கு வந்ததும் அந்தக் கணக்கு கெடுகிறது. சுற்றிச் சுற்றி வந்து மாட்டிக்கொள்கிறது. வெளிச்சம் கீழிருந்து வந்தாலோ குப்புறக் கவிழ்ந்து விழுகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தண்ணீருக்கு ஐந்தடியில் விளக்கு வைத்தால் தண்ணீரும் ஒரு விளக்காகிவிடுகிறது. நான் முன்பு அப்படித்தான் வைப்பேன். காலையில் கரையோரத் தண்ணீரில் மாவு தூவியதுபோல் செதில்கள் மிதக்கும். திரைக்கு வந்தவற்றை எண்ணிப் பெருமைப்பட்டேன், தண்ணீரில் விழுந்தவற்றை மீன்கள் எண்ணியிருக்கும். அதன் பிறகு விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவே செடி மறைப்பு இருக்கும்படி பத்துப் பதினைந்து அடி பின்னுக்கு வந்துவிட்டேன். திரையின் பின்பக்கம்தான் ஆற்றைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, விளக்கு எட்டும் தூரம். ஊரையே இழுத்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். 6 வாட் குழலை வைத்து, குறியிட்ட பூச்சிகளை வெவ்வேறு தொலைவில் விட்டுச் சோதித்தபோது, ஏறக்குறைய முப்பது மீட்டரைத் தாண்டினால் திரும்பி வந்தவை மிகக் குறைவு. ஆக, எங்கோ மலையடிவாரத்தில் இருந்ததை உங்கள் விளக்கு இழுத்துவந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் உங்கள் தோப்பு இருபது மீட்டர் என்கிறீர்கள். தோப்பும் அந்த வட்டத்துக்குள்தான் நிற்கிறது. 140 இனங்களில் எத்தனை சம்பிலிருந்து வந்தன, எத்தனை தோப்பிலிருந்து வந்தன என்று திரை சொல்லாது.

ஆற்றங்கரைக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர்காற்று கனத்துப் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். மேட்டில் இதமாக இருக்கும்போது கரையில் நான்கைந்து டிகிரி குறைந்திருக்கும், மூடுபனியும் எழும். மேட்டிலிருந்து பார்த்துவிட்டு "இன்றைக்கு நல்ல இரவு" என்று கிளம்பி, பள்ளத்தில் பல் கிட்ட உட்கார்ந்த கதை என்னிடம் நிறைய உண்டு. மேகம் மூடிய, புழுக்கமான, நிலா இல்லாத இரவுதான் வேண்டும். முழுநிலவில் கூட்டம் சரிந்துவிடும்.

திரைக்குப் பதில் விளக்குப்பொறியை வைத்துவிட்டுத் தூங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு முறை மணல்திட்டில் பொறியை வைத்துவிட்டு வந்தேன். மேற்கே எங்கோ மழை. விடியற்காலையில் மணல்திட்டே இல்லை. அரை மைல் தள்ளி ஒரு சாய்ந்த கிளையில் பொறி தொங்கிக்கொண்டிருந்தது. பூச்சிகள் ஒதுங்கி உட்கார உள்ளே போட்டிருந்த முட்டை அட்டைகள் கூழாகி, அந்தக் கூழுக்குள் ஒரு நண்டு. அன்றைய பட்டியல்: நண்டு 1.

ஈரக்காற்று | காலை 6.31

நான் இங்கே புதியவன். பேச்சுக்கு நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். குளக்கரையில் விளக்கு வைத்தேன். நூற்றுக்கணக்கில் ஒரே மாதிரி அந்துப்பூச்சி வந்து மொய்த்தது. மங்கிய பழுப்பு நிறம், சிறகைக் கூரைபோல் மடித்து உட்கார்கிறது, உணர்கொம்பு உடம்பைவிட நீளம், அதை நேராக முன்னால் நீட்டிவைத்திருக்கிறது. எந்தப் படத்திலும் பொருந்தவில்லை. புது இனமாக இருக்குமோ?

சம்புத்தண்டு | காலை 7.15

புது இனம் இல்லை தம்பி, அந்துப்பூச்சியே இல்லை. அது காடிஸ் பூச்சி. நீர்நிலை அருகே விளக்கு வைக்கும் எல்லோரும் முதல் வாரத்தில் ஏமாறுவது இதனிடம்தான். வெட்கப்பட ஒன்றுமில்லை, இரண்டும் உடன்பிறந்த வரிசைகள். ஒரே மூதாதையிலிருந்து பிரிந்தவை. லென்சு வைத்துச் சிறகைப் பாருங்கள். அந்துப்பூச்சியின் சிறகில் செதில்கள், தொட்டால் விரலில் மாவு ஒட்டும். காடிஸின் சிறகில் மயிர்கள். வாயையும் பாருங்கள், சுருண்ட உறிஞ்சுகுழல் இருக்காது.

ஆனால் அவற்றைத் தட்டிவிட்டுப் போய்விட வேண்டாம். எத்தனை வந்தன என்று ஓரமாகக் குறித்துவையுங்கள். அவற்றின் புழுக்கள் தண்ணீருக்குள் வளர்பவை. தண்ணீரின் நிலையை அறிய விரும்பும் யாராவது ஒரு நாள் உங்கள் குறிப்பைத் தேடி வருவார்கள்.

பொறி வைப்பதானால் பெரிய நீர்வண்டுகளும் விரல் நீள நீர்மூட்டைகளும் விழாதபடி வாயில் அகலக்கண் வலை போடுங்கள். ஒரு நீர்மூட்டை உள்ளே இருந்தால் காலையில் உங்களுக்குச் சிறகுகள் மட்டும்தான் மிஞ்சும்.

சம்புத்தண்டு | காலை 7.52

இப்போது சேற்றுக்காலுக்கு.

பழைய விளக்கு ஐயா விளக்கைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஈரநில அந்துப்பூச்சியைத் தேட விளக்கு எதற்கு என்பதே என் கேள்வி. சிறகு முளைத்த பூச்சிக்கு ஊர் கிடையாது, புழுவுக்குத்தான் ஊர் உண்டு. எந்தச் செடியில், எந்தத் தண்ணீரில் புழு வளர்கிறதோ அதுவே அதன் இடம்.

தண்ணீருக்குள்ளேயே வளரும் புழுக்கள் இருக்கின்றன என்பது அந்துப்பூச்சி பார்ப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கிராம்பிடே குடும்பத்தில் அசென்ட்ரோபினே என்ற துணைக்குடும்பத்தில் பெரும்பாலானவை இப்படித்தான். நெல்லில் கூண்டுப்புழு என்று உழவர்கள் திட்டும் பாராபாய்ன்க்ஸ் ஸ்டாக்னாலிஸ் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. இலை நுனியை நறுக்கிக் குழலாகச் சுருட்டி, அதையே படகாக வைத்துக்கொண்டு தண்ணீரில் மிதந்து செடிக்குச் செடி போகும். உடம்பெல்லாம் நூல்நூலாகச் செவுள். எலோஃபிலா நிம்ஃபேயாட்டா, மிதக்கும் இலையிலிருந்து நீள்வட்டமாகத் துண்டு வெட்டி அதை உறையாக்கிக்கொள்ளும். அல்லி இலையில் அச்சு வைத்து வெட்டியதுபோல் துளை பார்த்திருப்பீர்கள். அந்த வெட்டுக்கு நேராக இலையின் அடியில் பாருங்கள். கடக்லிஸ்டா லெம்னாட்டா, மிளகளவுகூட இல்லாமல் மிதக்கும் லெம்னாச் சிற்றிலைகளைக் கோத்துச் சட்டை தைத்துக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் விந்தையானது அசென்ட்ரியா எஃபெமெரெல்லா. அதன் பெண்களில் பெரும்பாலானவற்றுக்குப் பறக்கும் சிறகே இல்லை. வளர்ந்த பிறகும் தண்ணீருக்குள்ளேயே நீந்திக்கொண்டிருக்கும், இணை சேர மட்டும் மேற்பரப்புக்கு வரும். சிறகுள்ள ஆண்கள் நீர்மேல் உரசியபடி தேடி அலையும். இந்த ஆண்கள்தான் விளக்குக்குக் கூட்டம் கூட்டமாக வருகின்றன. விளக்கை மட்டும் நம்பினால் அந்த இனத்தில் பெண்ணே இல்லை என்றுதான் எழுதுவீர்கள்!

ஓடும் தண்ணீர் என்றால் வேறு கதை. அமெரிக்க ஓடைகளில் பெட்ரோஃபிலா என்ற பேரினத்தின் புழுக்கள் நீருக்கடியில் பாறைமேல் பட்டுக்கூடாரம் கட்டி, அதனடியில் இருந்தபடி பாசியை மேய்கின்றன. தாய்ப்பூச்சி உடம்பைச் சுற்றிக் காற்றுப்படலத்தைப் போர்த்திக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து இறங்கி முட்டையிடும். ஹவாய்த் தீவுகளில் ஹைப்போஸ்மோகோமா பேரினத்தில் சில புழுக்கள் நீருக்குள்ளும் வாழும், காய்ந்த பாறையிலும் வாழும், எங்கே விட்டாலும் அதுபாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும் என்று 2010-இல் எழுதினார்கள். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்தவை தண்டுக்குள் வாழ்பவை. நோனாக்ரியா டைஃபே சம்புத்தண்டுக்குள் வளர்வது. அதன் புழு கூட்டுப்புழுவாக மாறுமுன், வெளியேறும் வழியை முன்கூட்டியே செய்துவைக்கிறது. தண்டைக் குடைந்து, வெளித்தோலை மட்டும் மெல்லிய படலமாக விட்டுவைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் நக அளவில் ஒரு சன்னல். பின்னாளில், கடித்துத் துளைக்கும் வாய் இல்லாத குறைக்கு, அந்துப்பூச்சி அதை முட்டிக்கொண்டு வந்துவிடும். நாணலில் ஃப்ராக்மடீசியா காஸ்டனியே இருக்கிறது. அதன் புழு நாணலின் அடித்தண்டுக்குள் இரண்டு குளிர்காலத்தைக் கழிக்கும். இதே மாதிரி தண்டுதுளைப்பான்கள் எந்த நாட்டுச் சம்பிலும் கோரையிலும் தேடினால் உண்டு, இனம்தான் மாறும்.

தேடுவது எளிது. சுற்றிலும் இலைகள் பச்சையாக இருக்க, நடுக்குருத்து மட்டும் பழுத்து வாடிய சம்பைப் பாருங்கள். அடியிலிருந்து முழ உயரம் வரை தண்டைத் தடவுங்கள். துளை திறந்திருந்தால் பூச்சி போய்விட்டது. சன்னல் மூடியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. பார்த்ததையெல்லாம் பிளக்கக் கூடாது. பத்துத் தண்டுக்கு ஒன்று என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட வரம்பு.

மறுகரை | காலை 9.30

சம்புத்தண்டு அம்மா சொன்னதைப் படிக்க அருமையாக இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல். ஒருவர் நான்கு மாதம் உழைத்து 140 இனம் காட்டுகிறார். உடனே விளக்கு சரியில்லை, இடம் சரியில்லை, புழு எங்கே என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்கிறோம். எல்லோராலும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தண்டு தடவ முடியுமா? பகலில் வேலைக்குப் போகிறவருக்கு இரவும் விளக்கும்தான் மிச்சம். விளக்குப் பதிவுகள் இல்லாவிட்டால் உலகத்தில் அந்துப்பூச்சி பற்றிய தரவே பாதிக்குமேல் இருக்காது. ஓரிடத்துக்கு வந்தது என்றால் அந்த இடத்தை அது பயன்படுத்துகிறது என்றுதானே பொருள்? தேன் குடிக்க வந்திருக்கலாம், சேற்றில் உப்பு உறிஞ்ச வந்திருக்கலாம்.

சம்புத்தண்டு | காலை 10.02

சேறு உறிஞ்சுவதைச் சொன்னீர்களே, அது நல்ல வாதம், ஒப்புக்கொள்கிறேன். குளுஃபிசியா செப்டென்ட்ரியோனிஸ் என்று ஓர் அந்துப்பூச்சி. ஆண் சேற்றோரம் உட்கார்ந்து மணிக்கணக்கில் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கம் பீய்ச்சி அடித்துக்கொண்டே இருக்கும். தன் எடையைப்போல் அறுநூறு மடங்கு வரை. அத்தனையும் சோடியத்துக்காக, சேர்த்த உப்பை இணைசேரும்போது பெண்ணுக்குக் கொடுக்க, அது முட்டைகளுக்குப் போகிறது. அதன் புழு தின்பதோ மர இலை. ஆக, ஈரநிலத்தில் வளராத பூச்சிக்கும் ஈரநிலம் வேண்டியிருக்கிறது.

ஆனால் பாருங்கள், அதைக்கூட "சேற்றில் உறிஞ்சியது" என்று குறித்தால்தான் தெரியும். "திரைக்கு வந்தது" என்றால் தெரியாது.

எண்ணிக்கை | பகல் 12.45

சேற்றுக்கால், இனங்கள் 140 என்றீர்கள். மொத்தத் தலைகள் எத்தனை? எண்ணினீர்களா?

சேற்றுக்கால் | பகல் 1.10

எண்ணினேன். சின்னவை மொய்த்த நாட்களில் திரையைப் படமெடுத்துப் பிறகு எண்ணினேன். ஏறக்குறைய 6,000.

எண்ணிக்கை | பகல் 2.26

அப்படியானால் உங்கள் பட்டியலுக்கு உயிர் இருக்கிறது. எண்ணாமல் பெயர் மட்டும் அனுப்புகிறவர்களே அதிகம்.

ஒரு கணக்கு காட்டுகிறேன். எனக்குத் தெரிந்த ஒருவர் வேறொரு நாணல் சதுப்பில் எட்டே இரவு பார்த்தார். 500 பூச்சிகள், 80 இனங்கள். 140 பெரிதா 80 பெரிதா? பார்த்த உடனே 140 என்போம். ஆனால் பூச்சி அதிகம் வந்தால் இனமும் அதிகம் வரத்தான் செய்யும்.

இந்தச் சிக்கலே அந்துப்பூச்சி விளக்கடியில் பிறந்ததுதான். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் சி. பி. வில்லியம்ஸ் 1933 முதல் இரவுதோறும் விளக்குப்பொறியில் விழுந்தவற்றை எண்ணிவைத்தார். அந்த எண்களையும், மலேயா வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிக் பூச்சியியலாளர் கார்பெட் வைத்திருந்த எண்களையும் எடுத்துக்கொண்டு புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் ஒரு சூத்திரம் கண்டார். மூவரும் சேர்ந்து 1943-இல் வெளியிட்டார்கள். அதில் வரும் ஆல்ஃபா என்ற எண், எத்தனை பூச்சி பிடித்தோம் என்பதைக் கழித்துவிட்டு, இடத்தின் பன்மையை மட்டும் சொல்ல முயல்கிறது.

போட்டுப் பார்த்தேன். 6,000-க்கு 140 என்றால் ஆல்ஃபா 25.6. 500-க்கு 80 என்றால் ஏறக்குறைய 27. எட்டு இரவு பார்த்தவரின் சதுப்பு உங்களுடையதைவிட ஒரு மயிரிழை மேலே! இரண்டும் ஏறக்குறைய சமம் என்று சொல்வதே நியாயம். 140-க்கும் 80-க்கும் இடையில் தெரிந்த பெரிய வித்தியாசம் வெறும் தலைக்கணக்கு.

வராத இரவை எதற்குக் குறிப்பது என்று மறுகரை கேட்டார். உங்கள் 38, உண்மையில் 42 அல்லது 43. ஓர் இரவுக்குச் சராசரி எத்தனை என்று நாளைக்கு யாராவது வகுத்தால் விடை தவறாக வரும். தவறு என்று யாருக்கும் தெரியவும் தெரியாது.

மறுகரை | பகல் 2.40

சரி. அந்த ஒன்றில் தோற்றேன்.

சேற்றுக்கால் | மாலை 6.18

உண்மையைச் சொன்னால் காலையில் படித்தபோது முகம் சுருங்கியது. மறுகரைக்கு நன்றி. மதியம் விடுப்பு எடுத்துக்கொண்டு உட்கார்ந்து 140 பெயரையும் புழுவின் உணவைப் பார்த்துப் பிரித்தேன்.

நீர்ச்செடி, சம்பு, நாணல், கோரை ஆகியவற்றில் வளர்பவை என்று உறுதியாகச் சொல்லத்தக்கவை 19. மரம், தோப்பு, கொடி, புல், பயிர், மரப்பாசி என்று ஈரநிலத்துக்கு வெளியே வளர்பவை 63. புழு என்ன தின்னும் என்றே எழுதப்படாதவை, அல்லது பேரினம் வரை மட்டுமே நான் போனவை 58.

19-ஐப் பார்த்ததும் வயிறு கலங்கியது. பிறகு அந்த 58-ஐப் பார்த்தேன். அதுதான் அதிகம் உறுத்துகிறது.

பழைய விளக்கு | இரவு 7.05

19 என்பது சின்ன எண் இல்லை. உறுதியாகச் சொல்லத்தக்க 19, தோராயமான 140-ஐவிட எனக்கு மேல். தலைப்பை மட்டும் மாற்றுங்கள். "ஆற்றங்கரையில் விளக்குக்கு வந்த அந்துப்பூச்சிகள்" என்று போட்டு, 19-க்கும் பக்கத்தில் ஒரு குறி. பட்டியலை வெட்டாதீர்கள். மற்றவையும் உண்மைதானே.

எண்ணிக்கை | இரவு 7.33

அனுப்புமுன் அட்டவணையைக் கொஞ்சம் சீர்செய்ய வேண்டும். உங்கள் மாதிரித் தாளைப் பார்த்தேன்.

தேதி: நள்ளிரவைத் தாண்டிய சில நாட்களில் மறுநாள் தேதி போட்டிருக்கிறீர்கள். ஒரே இரவு இரண்டாகப் பிளந்துவிட்டது. விளக்கு ஏற்றிய மாலையின் தேதியையே விடியும்வரை வையுங்கள்.

இடம்: கைப்பேசி தந்த ஆயத்தொலைவில் புள்ளிக்குப் பின் ஒன்பது இலக்கம். பாகையில் நான்காவது இலக்கமே தரையில் 11 மீட்டர்தான். ஒன்பதாவது இலக்கம் ஒரு செதிலின் அளவுக்குப் போகிறது. ஐந்தாவதோடு நிறுத்திவிட்டு, எத்தனை மீட்டர் பிசகு இருக்கலாம் என்று தனியே எழுதுங்கள். எந்தக் கரை என்பதையும் எழுதுங்கள். வரைபடத்தின் ஒரு கிலோமீட்டர்க் கட்டத்தில் இரு கரையும் அடங்கிவிடும். எதிர்க்கரை காடாகவும் இந்தக் கரை சதுப்பாகவும் இருந்தால் கட்டத்தின் எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முறை: விளக்கின் வகை, வாட், ஏற்றிய நேரம், அணைத்த நேரம். யார் இனம் கண்டது என்பதும். புழுவா, கூட்டுப்புழுவா, சிறகுள்ளதா என்பதற்கு ஒரு பத்தி. ஆணா பெண்ணா தெரிந்தால் அதுவும்.

எல்லாவற்றுக்கும் மேலாக நீர்மட்டம். ஈரநிலப் பதிவேடுகளில் வெப்பநிலை இருக்கிறது, நிலா இருக்கிறது, காற்றுகூட இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு நின்றது என்ற பத்தி மட்டும் யாரிடமும் இல்லை. கல்யாண வீட்டுக் கணக்கில் மாப்பிள்ளையின் பெயரை விட்டதுபோல. ஒரு கழியில் அளவு கீறி நட்டுவையுங்கள், அது போதும்.

ஈரக்காற்று | இரவு 8.11

ஒரு சந்தேகம். காலையில் பொறியில் இருப்பவற்றைப் படமெடுத்த பிறகு எங்கே விடுவது? நான் சேற்றுத்திட்டில் கொட்டினேன். வாலாட்டிக்குருவி ஒன்று வந்து நின்றது. மறுநாள் இரண்டு வந்தன.

சம்புத்தண்டு | இரவு 8.25

மூன்றாம் நாள் கிளையோடு வரும். வெட்டவெளியில் கொட்டக் கூடாது. அட்டைகளை நிழலில் மூடி வைத்திருந்து, அந்தி சாய்ந்ததும் அடர்ந்த செடிக்குள் தட்டிவிடுங்கள். பகலிலேயே விட வேண்டுமானால் நாணல் அடிவாரத்துக்குள் கையை நீட்டி விடுங்கள். அடுத்தடுத்த இரவுகளில் ஒரே இடத்தில் பொறி வைக்கவும் கூடாது. நேற்று மாட்டியதே இன்றும் மாட்டும், முட்டையிட அதற்கு ஓர் இரவாவது வேண்டாமா?

மறுகரை | இரவு 8.50

அந்த 58-க்கு வருவோம். அதில் எத்தனை, படத்தை வைத்து இனமே சொல்ல முடியாதவை?

சேற்றுக்கால் | இரவு 9.04

22. பெரும்பாலும் வெள்ளையும் வைக்கோல் நிறமுமான சின்னவை. ஸ்கிர்போஃபாகா என்ற தண்டுதுளைப்பான் பேரினம் மாதிரி.

பழைய விளக்கு | இரவு 9.31

வைக்கோல் நிறத்தில் உள்ளவை எல்லாம் சேர்ந்து என் தலையை நரைக்கவைத்தன. நாணலுக்குள் ஒளிந்து வாழ்ந்தால் நாணல் நிறம்தான் வரும். சம்பந்தமே இல்லாத குடும்பங்களில்கூட ஒரே சட்டை. அவற்றில் பலவற்றை இனப்பெருக்க உறுப்பை உருப்பெருக்கியில் பார்த்தே பிரிக்க முடியும். அதற்கு ஒன்றிரண்டைக் கொல்ல வேண்டும், இடத்தின் அனுமதியும் வேண்டும். மனம் ஒப்பவில்லையென்றால் பேரினத்தோடு நிறுத்துங்கள், குற்றமில்லை. படத்தில் நெருக்கமாகத் தெரிகிறது என்று ஒரு பெயரைச் சூட்டிவிடுவதுதான் குற்றம். பெயர் ஒரு முறை பட்டியலில் ஏறிவிட்டால் இறக்குவதற்குப் பத்து வருடம் ஆகும்.

சம்புத்தண்டு | இரவு 9.48

இன்னொரு வழியும் உண்டு. புழுவைச் செடியோடு எடுத்து வளர்த்தால், வெளிவரும் பூச்சி எந்தச் செடியிலிருந்து வந்தது என்பது கையிலேயே இருக்கும். 58-இல் ஒன்றே ஒன்றின் உணவைக் கண்டுபிடித்தாலும் அது புதுச் செய்தி.

இங்கிலாந்தின் விக்கன் ஃபென் சதுப்பில் லேலியா சீனோசா என்ற அந்துப்பூச்சி இருந்தது. 1879-க்குப் பிறகு அந்த நாட்டில் அதை யாரும் பார்க்கவில்லை. அந்தச் சதுப்பில் ஒரு துண்டைப் பாதுகாப்பதற்காக நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு வாங்கியதே 1899-இல்தான். இருபது வருடம் தாமதம். என்ன இருந்தது, எந்தச் செடியில் இருந்தது என்று எழுதிவைத்தவர்களால்தான் போனது போனது என்றாவது தெரிகிறது.

சேற்றுக்கால் | ஒன்பது நாள் கழித்து, இரவு 10.20

அம்மா சொன்னபடி பகலில் போனேன். தண்ணீர் இறங்கியிருந்தது. ஒரு துணை இல்லாமல் போகவில்லை. ஓரிடத்தில் கால் தொடைவரை புதைந்தபோது அதன் அருமை தெரிந்தது.

இரண்டு மணிநேரம். நடுக்குருத்து வாடிய சம்பு 11. அவற்றில் துளை திறந்தவை 2, சன்னல் மூடியவை 4, எதுவும் இல்லாதவை 5. நான்கு மாதமாக அந்தச் சம்புக்கு எட்டடியில்தான் விளக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் பிளந்தேன். உள்ளே கரும்பழுப்புக் கூட்டுப்புழு. வெளிச்சம் பட்டதும் வால்முனையை ஆட்டியது. பிளந்ததைச் சேர்த்து நூலால் கட்டி, கொசுவலைத் துணியைச் சுற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என்ன இனம் என்று வெளியே வந்தால்தான் தெரியும்.

அன்றிரவு விளக்கைப் பதினைந்தடி பின்னுக்குத் தள்ளி வைத்தேன். காடிஸ் 212. அந்துப்பூச்சி 31. தண்டுதுளைப்பான் எதுவும் வரவில்லை, 0 என்று எழுதினேன். நீர்மட்டம் கழியில் 14 சென்டிமீட்டர்.

பழைய விளக்கு | இரவு 10.27

நல்லது. தண்டை எப்படி வைத்திருக்கிறீர்கள்? நட்டுவைத்திருக்கிறீர்களா, மேசையில் படுக்கப் போட்டிருக்கிறீர்களா?

சேற்றுக்கால் | இரவு 10.29

படுக்கத்தான். தவறா?

சம்புத்தண்டு | இரவு 10.30

இப்போதே எழுந்து போய் நிமிர்த்தி வையுங்கள். செடியில் எந்த முனை மேலே இருந்ததோ அதே முனை மேலே. அடியில் ஈரமண். கணினியை மூடுங்கள், போங்கள்.